மரத்துக்கு பம்ப் எங்கே?

நீச்சல் குளத்துக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது என்பது மேலே நீந்துகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பதினான்கு படி இறங்கவேண்டும். ஏழாவது படி மட்டும் மற்றவற்றைவிட ஒன்றரை அங்குலம் ஆழம். புதிதாக வருகிற யாரும் அந்த இடத்தில் ஒருமுறை தடுமாறாமல் உள்ளே போனதில்லை. உள்ளே இரண்டு பம்ப், மூன்று மணல் வடிகட்டி, ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் வரிசையாக ஆறு பிரஷர் கேஜ். அந்த ஆறு முள்ளும் எங்கே நிற்கின்றன என்று மணிக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் குளத்துக்காரர்கள் மீட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மீட்டருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அந்த அறைக்கு வந்து இருபத்தாறு வருடம். அவர் அளக்காத பொருள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. வீட்டு வாசலிலிருந்து பம்ப் அறை மேசைக்கு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு காலடி என்று சொல்வார்; மழை நாளில் சேறு சுற்றிப் போனால் இருபத்திரண்டு கூடும். "மொதமொதல்ல என்னைப் பார்த்தப்ப பேரு கேக்கல இவரு, உயரம் கேட்டாரு" என்று அவர் மனைவி தன் பூக்கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். மீட்டர் மறுக்கமாட்டார். நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர் என்று மட்டும் சேர்த்துக்கொள்வார்.

குளத்தின் ஆழம், கொள்ளளவு, எத்தனை மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் ஒரு சுற்று வடிகட்டி வரும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒன்றே ஒன்றுதான் குறை. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தத் தண்ணீரில் அவர் கால் வைத்ததில்லை. நீச்சல் தெரியாது. கேட்டால், "சமையல்காரன் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு பட்டினி கெடக்கறதில்லையா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

குளத்தின் பின் சுவரை ஒட்டி ஒரு பெரிய மரம் நின்றது. நிழலையும் ஒரு குச்சியையும் வைத்து அதன் உயரத்தை அவர் கணக்கிட்டிருந்தார்: இருபத்து மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். அந்தக் கணக்குதான் அவர் நிம்மதியைக் கெடுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பார் அழுத்தம் வேண்டும். கீழிருந்து தள்ளினால் எவ்வளவு உயரமும் ஏற்றலாம். மேலே பம்ப்பை வைத்து உறிஞ்சினாலோ உலகத்தில் எந்த பம்ப்பும் பத்து மீட்டரைத் தாண்டி இழுக்காது, நடைமுறையில் ஏழோடு நின்றுவிடும். அப்படியிருக்க, இந்த மரத்தின் உச்சி இலை எப்படிப் பச்சையாக இருக்கிறது? அடியில் இரண்டேகால் பாருக்கு மேல் தள்ளுகிற பம்ப் ஒன்று இருந்தாகவேண்டும். எங்கே?

பம்ப்பில் பேரிங் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல் அழுத்தி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது பழக்கம். ஒரு நாள் மதியம் மீட்டர் அதே ஸ்க்ரூடிரைவரை எடுத்துப்போய் மரத்தடியில் மண்டியிட்டு, அடிமரத்தில் நுனியை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். வாயிற்காவலர் அந்தப் பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணே, மரத்துக்குக் காய்ச்சலா?"

"பம்ப் ஓடுதான்னு பாக்கறேன்."

"ஓடுதா?"

"சத்தமே இல்ல."

"அப்ப நல்ல கம்பெனி பம்ப்பா இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் காவலர் போய்விட்டார்.

இன்னொரு நாள் மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று ஆட்கள் வந்து அந்த மரத்தில் ஒரு கிளையை அறுத்தார்கள். மீட்டர் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து கீழே நின்றார். இரண்டு பார் அழுத்தத்தில் ஓடும் குழாயை அறுத்தால் எதிர்ச்சுவர் வரைக்கும் பீச்சியடிக்கும். அறுத்த கிளையிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. அறைக்குத் திரும்பி, அன்றைய பக்கத்தின் ஓரத்தில் 'மரம்: கசிவு இல்லை' என்று எழுதினார். எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே அன்று பிடிபடவில்லை.

இனி நீச்சல் டீச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பத்தோரு வருடமாக அந்தக் குளத்தில் கற்றுக்கொடுத்தவர். நீலத் தொப்பி, விசிலுக்கு நீலக் கயிறு, நீலச் செருப்பு. பழையது கிழிந்தால் அதே நீலத்தில் இன்னொன்று வாங்குவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கரையில் நிற்கிறவரை எல்லாரையும், சின்னப் பிள்ளைகளைக்கூட, 'வாங்க', 'நில்லுங்க' என்பார். தண்ணீரில் கால் பட்டதோ இல்லையோ, நீதிபதியாக இருந்தாலும் 'நீ'தான். அவர் குரல் சுவரையும் குழாய்களையும் கடந்து பம்ப் அறைக்கு இறங்கி வரும்: "தள்ளாதே! கைய நீட்டு, தண்ணிய இழு! இழு!" மீட்டருக்கு அது பம்ப் சத்தத்தோடு கலந்துபோன இன்னொரு சத்தம். பம்ப் நின்றால் கவனிப்பார். டீச்சர் குரலைக் கவனித்ததில்லை.

மீட்டரின் மனைவி குளத்து வாயிலை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு பூக்கடை வைத்திருந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் பரிசளிப்பு ஒன்றுக்குப் பூங்கொத்துகளைத் தூக்கிக்கொண்டு போனவள், ஈரத்தரையில் சறுக்கி ஆழமான பக்கத்தில் விழுந்துவிட்டாள். டீச்சர் போட்டிருந்த துணியோடு குதித்து இழுத்து வந்து கரை சேர்த்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடைக்கு முன்னால் வந்து நின்றார். "வாங்க. இன்னிக்கு எறங்கலைன்னா நீங்க எப்பவும் எறங்க மாட்டீங்க." நாற்பத்திரண்டு வயதில், கைப்பிடிக் கம்பியை விடமாட்டேன் என்று தொங்கியவளை நாற்பத்தேழு நாளில் குளத்தின் நீளம் முழுக்க நீந்த வைத்தார். அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் டீச்சருக்கு மேல் ஆள் கிடையாது.

அந்த டீச்சர் ஓய்வு பெறுகிறார் என்று ஆயிற்று. சனிக்கிழமை நாலு மணிக்கு விழா. பழைய மாணவர்கள் அறுபது வெள்ளைச் செவ்வந்திக்குச் சொல்லியிருந்தார்கள். நீண்ட தண்டோடு, ஆளுக்கொன்றாகக் கொடுப்பதற்கு. செவ்வாய்க்கிழமை டீச்சர் கடையைக் கடந்து போகும்போது, "எனக்கு என்ன பூவு?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

"வெள்ளை, டீச்சர்."

"வெள்ளையா. நீலத்துல பூவே இல்லையா உங்க கடையில?"

அந்த நேரம் பார்த்து அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லாம என்ன? சனிக்கிழமை பாருங்க. அறுபதும் நீலம்."

டீச்சர் நின்று திரும்பினார். "முப்பத்தோரு வருஷத்துல எனக்கு யாரும் நீலப் பூ குடுத்ததில்ல," என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து அதிகம் பேர் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, இல்லை சும்மா சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

நீலச் செவ்வந்தி எந்தச் சந்தையிலும் கிடையாது. ஆனால் வெள்ளைப் பூவைச் சாயத்தண்ணீரில் நிறுத்தி வைத்தால் அது குடித்து நிறம் மாறும் என்று மொத்த வியாபாரி ஒருமுறை சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. புதன்கிழமை பூ வந்தது. அடுத்த வண்டி திங்கட்கிழமைதான். வந்ததில் தேறாததைக் கழித்து அறுபத்து நாலு. இன்னொன்று தண்டு கோணலாக இருந்ததால் தனியே போட்டாள். கேக் கடையில் நிறத்துக்குப் போடுகிற நீலப் பொடியை ஆறு வாளித் தண்ணீரில் கரைத்தாள். பூ வாடக்கூடாதே என்ற கவலையில் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தாள். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் குளியலறை. வாளிகளை அங்கே வைத்து, ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, ஜன்னலைச் சாத்தினாள். வியாழன் காலை ஆறு மணி. மீட்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அந்த ஒரு நாளும் இருவரும் குளிக்கப் பக்கத்து வீட்டைத் தேடிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு உறையைத் தூக்கினாள். அறுபத்து நாலும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. வாடல் இல்லை, நீலமும் இல்லை. ஒரு தண்டைச் சீவிப் பார்த்தார்கள். அடியிலிருந்து பதினோரு சென்டிமீட்டர் வரை நீலம், அதற்கு மேல் பச்சை. தண்டின் நீளம் ஐம்பத்தெட்டு.

அவள் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தி நாலு மணி நேரம் இருக்கு. டீச்சர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அழாத. இது பிரஷர் பத்தாத கேஸ்," என்றார் மீட்டர். "நாலு தண்டு எனக்குக் குடு."

காலை பத்து மணிக்கு அவள் தம்பி வந்து சேர்ந்தான். ஃபேன், மிக்ஸி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிற பட்டறை வைத்திருப்பவன், முப்பத்தைந்து வயது, அக்கா வீட்டில் கஷ்டம் என்றால் ஓடி வருவான், வந்ததும் மாமாவைக் கிண்டல் பண்ணத் தொடங்குவான். அன்று புதுச் சட்டை வேறு. பதினான்கு படி இறங்கி, ஏழாவதில் தடுமாறி, பம்ப் அறைக்குள் பார்த்தால், மாமா ஒரு செவ்வந்தித் தண்டின் அடியில் ரப்பர் குழாயை மாட்டி, குழாய்க் கசிவு பார்க்கிற கைபம்ப்போடு இணைத்துக்கொண்டிருக்கிறார்.

"மாமா, பூவுக்கு சலைன் ஏத்தறீங்களா?"

"பேசாம தண்டப் புடி மாப்ள. தண்ணி மேல போக மாட்டேங்குது. தள்ளிவிட்டாப் போகும்."

குழாய் வழியில் தடை இருக்கக்கூடாது என்று அந்த நாலு தண்டிலும் ஓர் இலை விடாமல் அவர் கிள்ளி எறிந்திருந்தார். முதல் தண்டு கிளிப்பை இறுக்கியபோதே நசுங்கியது. இரண்டாவதில் அரை பார் ஏற்றியதும், இலை கிள்ளிய வடுக்களிலெல்லாம் நீலம் துளிர்த்தது. பழைய குழாய் கசிகிறபோது செய்வதைத்தான் அவர் கை செய்தது: வெள்ளை டெஃப்லான் டேப்பை எடுத்து, வடு வடுவாகச் சுற்றினார். பதினேழு இடம்.

"மாமா, கட்டு போட்ட பூவக் குடுத்தா டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவாங்க."

"ஒன்றரை பாருக்கு வர்றேன். நல்லாப் புடி."

ஒன்றே கால் பாரில் 'டப்' என்று ஒரு சத்தம். தண்டு குழாயிலிருந்து கழன்று கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. குழாயின் வாயிலிருந்து கிளம்பிய நீலம் மாப்பிள்ளையின் புதுச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே ஒரு பட்டை போட்டது. அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான்.

"ஒண்ணு நீலமாச்சு," என்றான். "இன்னும் அம்பத்தொம்பது பேரக் கூட்டிட்டு வரட்டுமா?"

மீட்டர் சிரிக்கவில்லை. 10.52, 1.25 பார், இணைப்பு கழன்றது என்று எழுதினார். மீதி இரண்டு தண்டும் அதே கதிதான். மிச்சம் சரியாக அறுபது.

பன்னிரண்டரைக்கு இருவரும் மேலேறி, செய்தி சொல்லத் தயங்கியபடி கடைக்குப் போனார்கள். அவள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாருக்கோ பூங்கொத்து கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பலகைமேல், வெயில் விழுகிற மூலையில், தம்பி பழுதுபார்த்துக் கொடுத்த மேசை ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேனுக்கு முன்னால் ஒரு டீ கிளாஸ். அதில் கோணல் தண்டோடு ஒரு செவ்வந்தி.

அது நீலமாக இருந்தது.

மீட்டர் கிட்டே போனார். தொடவில்லை. இதழ் ஒவ்வொன்றிலும் நரம்பு நரம்பாக நீலம் ஓடி, நுனியில் அடர்ந்து நின்றது.

"இது எப்ப வெச்சது?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "எது? அந்தக் கோணலா? வாளி கழுவுறப்ப மிச்சம் கொஞ்சம் சாயம் இருந்துச்சு, கொட்டுவானேன்னு கிளாஸ்ல ஊத்தி அதச் சொருகினேன். ஒம்பது மணி இருக்கும்." பிறகுதான் திரும்பினாள். கையிலிருந்த நூல்கண்டு உருண்டு வெளியே போனது. அதை யாரும் எடுக்கவில்லை.

மீட்டர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். அதே பூ. அதே சாயம். அதே கத்தி. ஒன்று இருபத்து நாலு மணி நேரத்தில் பதினோரு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. இன்னொன்று மூன்றரை மணி நேரத்தில் இதழ் நுனி வரை போய்விட்டது. என்ன வித்தியாசம்? இதற்கு உறை இல்லை. வெயில் இருக்கிறது. காற்று இருக்கிறது. இலையை யாரும் கிள்ளவில்லை. பதினெட்டு இலையும் அப்படியே இருக்கின்றன, ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டு.

குளத்தில் மதிய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து டீச்சர் குரல் வந்தது. "தள்ளாதே! எத்தன தடவ சொல்றது? இழு! இழு!"

இருபத்தாறு வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்தது அன்றுதான் அவருக்குக் கேட்டது. அறுத்த கிளையிலிருந்து ஏன் ஒரு சொட்டும் பீச்சவில்லை? கீழே தள்ளுகிறவன் யாரும் இல்லை. தள்ளினால்தானே பீச்சும்.

"அட," என்றார் மீட்டர். "பம்ப் மேல இருக்கு. இலைதான் பம்ப்."

"என்ன சொல்றீங்க?"

"துணி காயுதில்ல, அந்த மாதிரி இலையிலேர்ந்து தண்ணி காத்துல போகுது. போனத ஈடுகட்ட கீழேர்ந்து இழுக்குது. நீ உறை போட்டு, ஈரத்துணி சுத்தி, ஜன்னலச் சாத்தி வெச்சுட்ட. காயவே விடல. அதுக்கு எதுக்குத் தண்ணி? அது பாட்டுக்கு சும்மா நின்னுச்சு. நான் மட்டும் என்ன ஒழுங்கா? பம்ப்ப எல்லாம் கிள்ளி எறிஞ்சுட்டு, கீழ உக்காந்து தள்ளிக்கிட்டிருந்தேன்." அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "பட்டறையில எத்தன ஃபேன் இருக்கு?"

"ஓடறதா, ஓடாததா?"

"ஓடறது."

"நாலு. ஒண்ணு கொஞ்சம் கத்தும்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். பூ வியாபாரத்தில் இருப்பவர்கள் காற்றுக்கு அஞ்சுவதுபோல் வேறு எதற்கும் அஞ்சமாட்டார்கள். "பூவுக்கு ஃபேன் போடறதா? இருக்கறதே அறுபது. ஒரு மணி நேரத்துல தல தொங்கிடுச்சுன்னா? நீலமும் போச்சு, வெள்ளையும் போச்சு. நாளைக்கு வெறும் குச்சியக் குடுக்கறதா டீச்சர் கையில?"

"இது வாடலியே," என்று டீ கிளாசைக் காட்டினார்.

"இது ஒண்ணு. அது அறுபது."

அவள் கோணல் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தண்டைத் தட்டிப் பார்த்தாள், விறைப்பாகத்தான் இருந்தது. கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு எண்ணைச் சொல்லி அது தப்பாகிப் போனதை அவள் பார்த்ததில்லை. அன்று காலை பம்ப் அறையில் நடந்தது அவளுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. தம்பி சட்டையைக் கைகளால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"சரி," என்றாள். "நான் அறுபது பூவையும் வெக்கிறேன். நீங்க என்ன வெக்கிறீங்க?"

"நானா?"

"எனக்கு மட்டும்தான் பயமா? பூவு நீலமாச்சுன்னா, நாளைக்கு டீச்சர் முன்னாடி நீங்க தண்ணில எறங்கணும். எட்டு வருஷமா கேக்கறேன்."

"பூ நீலமானா நான்தானே ஜெயிச்சவன்? ஜெயிச்சவனுக்கு எதுக்கு தண்டனை?"

"ஃபேன் வேணுமா, வேணாமா?"

மாப்பிள்ளை வானத்தைப் பார்த்து, "மாமா, யோசிக்காதீங்க. உறிஞ்சுனா பத்து மீட்டர்தான், முழுகுனா ஒன்னேகால் மீட்டர்தான்," என்றான்.

"ஒன்னு இருபது," என்றார் மீட்டர். "ஆழமில்லாத பக்கம் ஒன்னு இருபது." அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

இரண்டரை மணிக்குள், மறுபடி சாயம் கரைத்த ஆறு வாளியும் குளத்தின் மேல்மாடப் பார்வையாளர் வரிசைக்கு ஏறின. துணியும் உறையும் போயின. தண்டுகளைப் புதிதாக வெட்டவேண்டும் என்று அவள் ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு தண்டையும் தண்ணீருக்குள் முக்கி, உள்ளேயே வைத்து விரற்கடை அளவு வெட்டினாள். மீட்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் தண்ணிக்குள்ள வெச்சு வெட்ற?"

"வெளிய வெட்டினா சில பூவு குடிக்காது. ஏன்னு தெரியாது. கடை போட்ட நாள்லேர்ந்து அப்படித்தான்."

"ஏர்லாக்! குழாய்க்குள்ள காத்து புகுந்துடுது. பம்ப்ப பிரிச்சு மாட்டுனா நாங்களும் மொதல்ல தண்ணி நெறச்சுட்டுத்தான் ஓட்டுவோம். இருபது வருஷமா நீ எந்தொழில்தான் பண்ணிட்டிருக்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீங்க கேக்கல. கேட்டதெல்லாம் உயரம்தான்."

மூன்று மணிக்கு நாலு ஃபேனும் சுற்றத் தொடங்கின. நாலாவது சொன்னபடியே கத்தியது. மீட்டர் ஒரு தண்டின் மேல் பேனாவால் சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தார். அரை மணிக்கு ஒருமுறை ஒரு தண்டில் நகத்தால் தோலைக் கீறி, நீலம் எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தார். அவள் அந்தப் பக்கமே வரவில்லை. கீழே கடையில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை அண்ணாந்து, "தல தொங்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"நிக்குது."

மூன்றரைக்கு இருபத்தாறு சென்டிமீட்டர். நாலு மணிக்கு நாற்பத்தொன்று. நாலரைக்கு, கழுத்தில். ஐந்து ஐந்துக்கு, கத்துகிற ஃபேனுக்கு நேர் எதிரே இருந்த பூவில், வெளி இதழ் ஒன்றின் நுனியில் யாரோ ஊசியால் தொட்டதுபோல் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. மாப்பிள்ளைதான் முதலில் பார்த்தான். மாமா நேரத்தை எழுதி முடிக்கிறவரை அவனால் பொறுக்க முடியவில்லை, மாடக் கம்பியில் சாய்ந்து, "அக்கா, வந்துடுச்சு!" என்று கத்தினான். அவள் மாடி ஏறி வந்த வேகத்தில் ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது. ஆறு மணிக்கு அறுபது பூவும் நீலம் பூத்து நின்றன. ஒன்றுகூடத் தலை தொங்கவில்லை. அவள் ஒரு செருப்போடு நடந்து, அறுபதையும் ஒவ்வொன்றாக எண்ணினாள்; பிறகு மறுபடி எண்ணினாள். அப்புறம்தான் தம்பியின் சட்டையைப் பார்த்தாள்.

"இது என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. மாமா சோதனைக்கு எடுத்த மொதப் பூவு நான்தான்."

சனிக்கிழமை நாலு மணிக்குக் குளக்கரையில் நூற்று முப்பது பேர் இருந்தார்கள். அறுபது பேர் வரிசையாக வந்து ஆளுக்கொரு பூவை டீச்சர் கையில் கொடுத்தார்கள். முதல் பூவை வாங்கியதும் டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெயின்ட் அடிச்சீங்களா?"

"இல்ல டீச்சர்," என்றாள் மீட்டரின் மனைவி. "அதுவே குடிச்சுது."

டீச்சர் விரலால் ஓர் இதழைத் தேய்த்தார். விரலில் நிறம் ஒட்டவில்லை. அவர் நீலத் தொப்பியைக் கழற்றி, ஒரு பூவைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டார். அப்புறம் மீதி ஐம்பத்தொன்பதையும் யார் கையிலும் கொடுக்காமல் தானே அணைத்துக்கொண்டு நின்றார். பேச அழைத்தபோதும் கீழே வைக்கவில்லை.

வரிசையில் வந்தவர்களில் ஒருவர் கல்லூரியில் தாவரப் பாடம் எடுப்பவர். பம்ப் இல்லாமல் நீலம் ஏறிய கதையைக் கேட்டுவிட்டு மீட்டரைத் தேடி வந்தார். மீட்டர் தன் பழைய சந்தேகத்தை விடவில்லை.

"இலை இழுக்குதுன்னு புரிஞ்சுது சார். ஆனா மேலேர்ந்து உறிஞ்சுனா பத்து மீட்டர்தானே வரும்? அந்த மரம் இருபத்தி மூணு நாப்பது."

"அந்தப் பத்து மீட்டர் உங்க பம்ப்போட கணக்கு. பம்ப் மேல காத்த எடுக்குது. வெளிக்காத்துதான் தண்ணிய ஏத்தித் தள்ளுது. அதோட பலம் அவ்வளவுதான். மரத்துல தண்ணி தலைமுடிய விட மெல்லிசான குழாய்ல, நடுவுல காத்தே இல்லாம, வேர்லேர்ந்து இலை வரைக்கும் ஒரே கயிறா நிக்குது. தண்ணிய தண்ணி அப்படிப் புடிச்சுக்கும். கயித்த மேலேர்ந்து இழுத்தா அடி நுனி வருமா, வராதா?"

"காத்து புகுந்துட்டா?"

"அந்தக் கயிறு அறுந்துடும். தண்ணி பக்கத்துக் குழாய் வழியா சுத்திப் போகும்."

"பைபாஸ்," என்றார் மீட்டர். அவர் முகத்தில் வந்த திருப்தியை, இரண்டு பம்ப்பும் ஒருசேர நன்றாக ஓடுகிற நாளில்கூட யாரும் பார்த்ததில்லை. பாக்கெட்டிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் தொட்டுப் பார்த்தார். "அதான் சத்தமே கேக்கல."

"என்னங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மனைவி கையில் ஒரு துண்டோடும், எப்போது வாங்கினாளோ தெரியாத ஒரு நீச்சல் கால்சட்டையோடும் நின்றாள். "அறுபதும் நீலம். நான் ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தப்பிக்க வழி பம்ப் அறைப் படி ஒன்றுதான். அதன் மேல்முனையில் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அந்த நீலப் பட்டை போட்ட சட்டையோடு. அன்றைக்கு வேண்டுமென்றே அதைப் போட்டு வந்திருந்தான்.

டீச்சர் பூக்களைக் கடைசியில் அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கரைக்கு வந்தார். "மீட்டர், வாங்க. இருபத்தாறு வருஷமா எனக்குத் தண்ணி சுத்தம் பண்ணிக் குடுத்தீங்க. வந்து பாருங்க எப்படி இருக்குன்னு."

"டீச்சர், நீங்க ரிட்டயர் ஆயாச்சே."

"அஞ்சு மணி வரைக்கும் டியூட்டி. மணி என்ன?"

"நாலு நாப்பத்தி மூணு," என்றார் மீட்டர். இந்த மாதிரிக் கேள்விக்குப் பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

"அப்ப எறங்குங்க."

கால்சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கம்பியைப் பிடித்து, ஏணியில் நாலு படி இறங்கினார். இருபத்தாறு வருடமாக நோட்டில் எழுதி வந்த தண்ணீர் முதல்முறையாக அவர் முட்டியைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது, நெஞ்சுக்கு வந்து நின்றது. அவர் கணக்கிட்ட இடத்தில் சரியாக. தானும் இறங்கி வந்த டீச்சர் அவர் வயிற்றுக்கடியில் ஒரு கையைக் கொடுத்தார்.

"குப்புறப் படு."

கரையில் 'வாங்க' என்றவர்தான். நூற்று முப்பது பேரும் சிரித்தார்கள்.

"காலை நீட்டு. கைய முன்னாடி நீட்டு. தள்ளாதே. தண்ணியப் புடி. இழு."

அவர் இழுத்தார். மூக்கில் தண்ணீர் ஏறியது. ஒரு கை, இன்னொரு கை. உடம்பு கொஞ்சம் முன்னே போனது. வயிற்றுக்கடியில் இருந்த கை எப்போது விலகியதோ, அவருக்குத் தெரியவில்லை. கரையோரம் மாமாவின் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு கூடவே குனிந்து நடந்து வந்த மாப்பிள்ளை, "மூணு மீட்டர் இருபது!" என்று கத்தினான்.

மீட்டர் தரையில் காலூன்றி எழுந்து, இருமி, கண்ணைத் துடைத்தார். "சுவத்துலேர்ந்து அளந்தியா, என் கால்லேர்ந்து அளந்தியா?"

"பேசாதே," என்றார் டீச்சர். "இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு. இழு."